செத்த மையம்

மோட்டார் பட்டறைகளில் ‘டி.டி.சி.’ என்றொரு சொல் புழங்குகிறது. டாப் டெட் சென்டர் என்பதன் சுருக்கம். சிலிண்டருக்குள் ஏறி இறங்கும் பிஸ்டன், ஏற்றத்தின் உச்சியைத் தொட்டு, இறங்கத் தொடங்குமுன் நிற்கின்ற நிலைக்கு அப்பெயர். காரின் டைமிங் பெல்ட்டை மாற்ற முனைபவர் முதலில் தேடிப் பிடிக்க வேண்டியது இந்த இடத்தைத்தான். பழைய பெல்ட்டைக் கழற்றுவதும் புதியதை மாட்டுவதும் அதற்குப் பின்னால் வருகிற வேலைகள். இலக்கியம் பேசும் இடத்தில் பெல்ட்டுக்கும் பிஸ்டனுக்கும் என்ன வேலை என்று வாசகர் முகம் சுளிக்கக் கூடும். நம்மை இந்தப் பக்கம் இழுத்து வந்தது அந்த நடுச்சொல். ஓயாமல் ஓடுவதற்கென்றே செய்யப்பட்ட ஒரு பொறியின் உச்சியில் மரணத்தைக் கொண்டுபோய் வைத்தது ஏன்?

இது ஆங்கிலேயரின் விநோதம் மட்டுமன்று. ஜெர்மானியர் ‘டோட்புங்க்ட்’ என்பர். பிரெஞ்சுக்காரருக்கு ‘ப்வான் மோர்’. இத்தாலியருக்கு ‘புன்டோ மோர்டோ’. எல்லாமே இறந்த புள்ளிதான். பிரெஞ்சில் வண்டி நியூட்ரலில் நிற்பதையும் இதே சொல்லால் குறிக்கிறார்கள். ‘பேட்டரி செத்துவிட்டது’ என்று பேசப் பழகிவிட்ட நமக்குச் ‘செத்த மையம்’ என்பது அவ்வளவு அந்நியமாக ஒலிக்கத் தேவையில்லை. சாவது எது என்பதில்தான் கவனம் வேண்டும். பிஸ்டன் சாவதில்லை. அதன் மேலிருக்கும் அழுத்தமும் சாவதில்லை. அந்த அழுத்தத்துக்குச் சக்கரத்தைச் சுழற்றும் திறன் மட்டும் அக்கணத்தில் இல்லாமற் போகிறது.

காலால் மிதிக்கும் தையல் இயந்திரத்தை அறிந்தவர்க்கு இதை விளக்க வேண்டியதில்லை. மிதிப்பலகையோடு ஒரு கம்பி, கம்பியோடு பெரிய சக்கரத்தின் வளைந்த அச்சு. சில வேளைகளில் எவ்வளவு ஓங்கி மிதித்தாலும் சக்கரம் அசையாது. கம்பியும் வளைந்த அச்சும் ஒரே நேர்கோட்டில் வந்து நின்றிருக்கும். மிதிக்கும் விசை முழுவதும் சக்கரத்தின் நடுவிலேயே போய் முட்டும். தைப்பவர் கையை நீட்டி மேலே உள்ள சிறு சக்கரத்தை ஒரு தட்டுத் தட்டுவார். அந்தத் தட்டில் மையம் கடந்துவிடும். பிறகு பெரிய சக்கரத்தின் கனமே ஒவ்வொரு சுற்றிலும் அந்த இடத்தைத் தாண்டிக் கொண்டுபோகும். கதவின் கீல் பக்கமாக நின்று கீலை நோக்கித் தள்ளினால் கதவு திறவாதது போலத்தான்.

முதல் நீராவிப் பொறிக்கு இந்தச் சிக்கல் இருக்கவில்லை. 1712-இல் இங்கிலாந்தின் டட்லி கோட்டைக்கு அருகே நிலக்கரிச் சுரங்கத்தில் தேங்கிய நீரை இறைக்க தாமஸ் நியூகோமன் நிறுவிய பொறியில் சுழலும் உறுப்பே கிடையாது. ஏற்றத்தின் துலாவைப் போன்ற பெரிய மர உத்தரம். ஒரு முனையில் பிஸ்டன், மறுமுனையில் பம்புக் கம்பி. நிமிடத்துக்குச் சுமார் 12 முறை அது தலையாட்டியது. பிஸ்டன் இன்ன இடத்தில்தான் நின்று திரும்ப வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஏறக்குறைய மேலே, ஏறக்குறைய கீழே என்றிருந்தால் போதும்.

ஆனால் வால்வைத் திறந்து மூடும் தருணம் அப்போதே தலைவலியாகத்தான் இருந்தது. பொறிக்கருகே ஒரு சிறுவனை அமர்த்தி அதைச் செய்வித்தார்கள் என்றும், விளையாடப் போக விரும்பிய அவன் கயிறுகளால் வால்வை உத்தரத்தோடு பிணைத்துப் பொறியே தன் வால்வைத் திறந்து மூடிக்கொள்ளுமாறு செய்தான் என்றும் ஒரு கதை உண்டு. 1744-இல் தெசாகுலியேர் தம் நூலில் அவனுக்கு ஹம்ப்ரி பாட்டர் என்று பெயரும் தருகிறார். பெயரில்லாமல் அதே சிறுவன் 1776-இல் ஆடம் ஸ்மித்தின் பெருநூலிலும் தலைகாட்டுகிறான். ஆய்வாளர்கள் பலர் இதை நம்புவதில்லை. நமக்கும் நம்பிக்கை குறைவுதான். சோம்பல் பிடித்த சிறுவனிலிருந்து கண்டுபிடிப்பு பிறந்தது என்பது கேட்பவருக்கு மிகவும் இனிக்கிற கதை, அதனாலேயே ஐயம் வருகிறது. எனினும் கதையின் சாரம் பொறியியல் நோக்கில் முற்றிலும் சரி. பிஸ்டன் எங்கே இருக்கிறது என்பதைப் பொறியே வால்வுக்குச் சொல்ல வேண்டும். அந்தச் சிறுவனின் கயிறுதான் இன்றைய டைமிங் பெல்ட்.

நீர் இறைத்தது போதும், ஆலையின் சக்கரத்தைச் சுழற்ற வேண்டும் என்ற ஆசை வந்தபோதுதான் செத்த மையம் வரலாற்றுக்குள் நுழைகிறது. ஏறி இறங்கும் இயக்கத்தைச் சுழற்சியாக மாற்ற வளைந்த அச்சை, அதாவது கிராங்கை, நாடியாக வேண்டும். காலால் மிதிக்கும் கடைசல் இயந்திரத்திலும் சாணைக் கல்லிலும் நூற்றாண்டுகளாகப் புழங்கிய சாதனம். ஆனால் 1780-இல் பர்மிங்ஹாமைச் சேர்ந்த ஜேம்ஸ் பிக்கார்ட் என்பவர் நீராவிப் பொறியில் கிராங்கைப் பூட்டுவதற்குக் காப்புரிமை பெற்றுவிட்டார். ஜேம்ஸ் வாட் கொதித்துப் போனார். தம் பட்டறை ஆள் ஒருவன் வாய்தவறி வெளியே சொன்னதால் போன யோசனை என்பது அவருடைய குற்றச்சாட்டு. அதே மூச்சில், கிராங்கின் உண்மையான கண்டுபிடிப்பாளன் முதன்முதலில் கால்மிதிக் கடைசலைச் செய்தவனே என்றும் அவர் கருதினார். அப்படியானால் களவு போனது எது என்று கேட்கத் தோன்றுகிறது.

வழக்குக்குப் போவதை விட்டு வாட் சுற்றுவழி தேடினார். 1781-இல் ஐந்து மாற்று வழிகளுக்குக் காப்புரிமை வாங்கினார். அவற்றுள் நிலைத்தது ‘சூரியனும் கோளும்’ என்ற பற்சக்கர அமைப்பு. அதை யோசித்தவர் அவரிடம் வேலைபார்த்த வில்லியம் மர்டாக் என்போர் பலர். ஒரு பற்சக்கரம் மற்றொன்றைச் சுற்றி வலம்வரும் அந்த அழகிய அமைப்பு பிக்கார்டின் காப்புரிமையைத் தாண்டியதே தவிர, செத்த மையத்தைத் தாண்டவில்லை. கம்பி நேர்கோட்டில் வரும்போது அங்கும் விசை நடுவிலேயே முட்டியது. இரு சக்கரங்களுக்கும் பற்கள் சமமாக இருந்தால் பொறியின் ஒவ்வொரு முழு வீச்சுக்கும் அச்சு இருமுறை சுழலும். வேகமாகச் சுழலும் ஃப்ளைவீலின் வலு அந்த இடத்தைக் கடத்திவிட்டது. 1794-இல் பிக்கார்டின் உரிமை காலாவதியானபின் வாட்டின் கம்பெனியும் சாதாரணக் கிராங்குக்கே வந்து சேர்ந்தது.

அக்காலத்துப் பெரியவர்களுக்கு இதில் நம்பிக்கையே இருக்கவில்லை என்பதை இன்று நினைவூட்ட வேண்டியிருக்கிறது. பிரிட்டனின் முதன்மையான பொறியாளராக மதிக்கப்பட்ட ஜான் ஸ்மீட்டன், 1781-இல் மாவு ஆலை குறித்துக் கருத்துக் கேட்கப்பட்டபோது, முன்னும் பின்னும் ஆடும் பொறியிலிருந்து நீர்ச்சக்கரத்துக்கு இணையான சீரான சுழற்சி ஒருக்காலும் கிடைக்காது என்று எழுதினார். நீராவிப் பொறியால் நீரை மேலேற்றி, அந்த நீரால் சக்கரத்தைச் சுழற்றுங்கள் என்பது அவருடைய யோசனை. ஐந்தே ஆண்டுகளில், 1786-இல், லண்டனின் ஆல்பியன் ஆலையில் வாட்டின் சுழல்பொறி நேரடியாக மாவு அரைத்தது. ஸ்மீட்டனைப் பழிக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு சுற்றிலும் இருமுறை செத்துப் பிழைக்கும் ஒன்றை நம்பி ஆலையை ஒப்படைக்க எவரும் தயங்குவர்.

அந்தத் தயக்கம் ஒரு மூடநம்பிக்கையாக நெடுங்காலம் உலவியது. மையத்தில் விசை வீணாகிறது, ஆகவே கிராங்க் ஒரு திருடன் என்று நம்பி, பத்தொன்பதாம் நூற்றாண்டு முழுவதும் பலர் கிராங்குக்கு மாற்றுத் தேடி அலைந்தார்கள். கணக்கு எளியது. வேலை என்பது விசையும் நகர்வும் பெருகியது. மையத்தில் நகர்வே இல்லையென்றால் செலவும் இல்லை. சுவரில் சாய்ந்து நிற்பவன் எதையும் இழப்பதில்லை. இருந்தும் இது பலருக்கு உறைக்கவில்லை.

ரயில் பொறிகளில் சிக்கல் வேறு வடிவம் எடுத்தது. 1804-இல் ரிச்சர்ட் டிரெவிதிக் பெனிடாரெனில் ஓட்டிய ஒற்றைச் சிலிண்டர் பொறி ஒரு பெரிய ஃப்ளைவீலைச் சுமந்துகொண்டு போயிற்று. 1812-இல் மாத்யூ மர்ரே லீட்ஸ் நிலக்கரிப் பாதைக்குச் செய்த ‘சலமான்கா’வில் இரண்டு சிலிண்டர்கள், கிராங்குகள் ஒன்றுக்கொன்று செங்கோணத்தில். ஒன்று செத்த மையத்தில் நிற்கும்போது மற்றது முழு வலுவோடிருக்கும். பிற்கால நீராவி ரயில்களுக்கெல்லாம் இதுவே வழி. எந்த நிலையத்தில் எந்த நிலையில் நின்றாலும் எவரும் இறங்கிச் சக்கரத்தைத் தள்ள வேண்டியதில்லை.

இனிதான் நமக்கு மிகவும் பிடித்த பகுதி. மையத்தைக் கடப்பது ஃப்ளைவீலின் வேலை. அதைக் கண்டுபிடிப்பது மனிதனின் வேலை. வால்வுகளைச் சரிபார்க்க வேண்டுமானால் பிஸ்டன் துல்லியமாக எப்போது உச்சியில் இருக்கிறது என்று தெரிய வேண்டும். பிஸ்டனைப் பார்த்துச் சொல்ல இயலாது. 80 மி.மீ. வீச்சும் சுமார் 130 மி.மீ. கனெக்டிங் ராடும் கொண்ட ஒரு சாதாரணக் கார் என்ஜினை எடுத்துக்கொள்வோம். பாதி வழியில், கிராங்க் 90 பாகையில் இருக்கும்போது, ஒரு பாகை திருப்பினால் பிஸ்டன் 0.7 மி.மீ. நகரும், கண்ணுக்குத் தெரியும். உச்சியில் ஒரு பாகை திருப்பினால் நகர்வது 0.008 மி.மீ. தலைமயிரின் தடிமனில் ஒரு சிறு பங்கு. ஐந்து பாகை திருப்பினாலும் 0.2 மி.மீ.தான். ‘இதோ நின்றுவிட்டது’ என்று தோன்றுகிற இடம் ஒரு புள்ளியன்று. அகன்ற ஒரு மேடு. தேடுகிறவன் உச்சியை நெருங்க நெருங்க உச்சி மங்கிப்போகிறது.

நீராவிக் காலத்துத் தொழிலாளர்கள் இதற்குக் கண்ட வழி, உச்சியில் உச்சியைத் தேடாமலிருப்பது. பிஸ்டன் மேலேறும்போது, முடிவுக்குச் சற்று முன்னால், அது நன்றாக நகர்கிற ஓரிடத்தில் பொறியை நிறுத்துவார்கள். பிஸ்டன் தண்டோடு இணைந்த கிராஸ்ஹெட்டிலும் அது வழுக்கிச் செல்லும் சட்டத்திலும் சேர்த்து ஒரு கோடு கிழிப்பார்கள். இரு முனையும் கூராக்கிய ஓர் இரும்புக் கம்பியைத் தரையில் ஊன்றி, மறுமுனையால் ஃப்ளைவீலின் விளிம்பில் ஒரு கீறல் இடுவார்கள். பிறகு சக்கரத்தை அதே திசையில் திருப்புவார்கள். பிஸ்டன் உச்சிக்குப் போய்த் திரும்பி வந்து, முன்பு கிழித்த அதே கோட்டில் பொருந்தும்போது மீண்டும் நிறுத்தி, சக்கரத்தில் இரண்டாவது கீறல். இரண்டு கீறல்களுக்கும் நடுவே கவராயம் வைத்துப் பாதியைக் குறித்தால், அந்தக் குறி கம்பியின் முனைக்கு நேரே வரும்போது பொறி செத்த மையத்தில் நிற்கிறது. போகும் வழியும் வரும் வழியும் சமம் என்ற ஒன்றே இதற்கு ஆதாரம். நேரே காண முடியாத ஒன்றை அதன் இருபுறமும் நின்று அளந்து சொல்லும் இந்த முறை இன்னும் வழக்கொழியவில்லை. ஸ்பார்க் பிளக் துளையில் ஒரு தடுப்பானைத் திருகி, என்ஜினை இருபக்கமும் முட்டும்வரை மெல்லத் திருப்பி, இரண்டு குறிகளின் நடுவைக் காணும் இன்றைய மெக்கானிக் அதையேதான் செய்கிறார்.

நீராவிப் பொறியாளர்கள் தப்பியோட நினைத்த அந்த நிலைமையை, உள்ளெரி பொறி தன் இருப்பிடமாகவே ஆக்கிக்கொண்டது. 1862-இல் பாரீசில் போ த ரோஷா எழுதிவைத்த நான்கு வீச்சுக் கொள்கை, அவர் பெயரை அறியாமலே 1876-இல் நிகோலாஸ் ஓட்டோவின் கையில் ஓடும் பொறியாயிற்று. (அந்தப் பழைய சிறுநூலைக் காட்டித்தான் 1886-இல் ஓட்டோவின் காப்புரிமையை ஜெர்மனியில் உடைத்தார்கள்.) எரிபொருள் நன்கு பயன்பட வேண்டுமென்றால், கலவை இறுக அழுத்தப்பட்ட நிலையில், இடம் விரியுமுன் எரிந்துவிட வேண்டும். நாம் மேலே சொன்ன என்ஜினில் உச்சிக்கு முன்னே 10 பாகையிலிருந்து பின்னே 10 பாகை வரை பிஸ்டன் நகர்வது 0.8 மி.மீ. மட்டும், மொத்த வீச்சில் நூற்றில் ஒரு பங்கு. நெருப்புக்குக் கிடைக்கும் அவகாசம் அதுதான். பிஸ்டன் தயங்கி நிற்கும் அந்த அவகாசம் இல்லையேல் கார் இல்லை. பெயரிட்டவர்கள் நீராவிக்காரர்கள், உள்ளெரி பொறிக்காரர்கள் பெயரிட்டிருந்தால் வேறு சொல் வைத்திருப்பார்கள் என்றே நினைக்கிறோம்.

நான்கு வீச்சு இன்னொரு குழப்பத்தையும் கொணர்ந்தது. ஒரு சுழற்சி முடியக் கிராங்க் இருமுறை சுற்ற வேண்டும். ஆகவே பிஸ்டன் இருமுறை உச்சிக்கு வரும்: ஒருமுறை கலவையை அழுத்தி, மறுமுறை புகையை வெளியே தள்ளி. பிஸ்டனைப் பார்த்து எந்த உச்சி என்று சொல்ல இயலாது. வால்வுகளைத் தள்ளும் கேம் ஷாஃப்ட்டுக்குத்தான் அது தெரியும், ஏனெனில் அது கிராங்கின் பாதி வேகத்தில், சுழற்சிக்கு ஒருமுறையே சுற்றுகிறது. இரண்டுக்குமான உறவைப் பற்சக்கரங்களும், பிறகு சங்கிலிகளும் காத்துவந்தன. 1912-இன் பெஜோ பந்தயக் கார் போன்றவற்றில் கேம் ஷாஃப்ட் என்ஜினின் தலைக்கு ஏறியபின் கிராங்குக்கும் அதற்கும் தொலைவு கூடியது. விலையும் ஓசையும் கூடின.

தீர்வு வந்த இடம் தையல் இயந்திரம். 1940-களில் அமெரிக்காவின் கில்மர் நிறுவனத்தில் ரிச்சர்ட் கேஸ் உருவாக்கிய பல் வைத்த ரப்பர் பெல்ட், சிங்கர் தையல் இயந்திரத்தில் ஊசியையும் கீழுள்ள பாபின் பக்கத்தையும் பிசகாமல் ஒருங்கே ஓட்டுவதற்குப் பயன்பட்டது. காருக்குள் அதை முதலில் தொழிற்சாலை அளவில் கொண்டுவந்தவர்கள் பெரிய கம்பெனிக்காரர்கள் அல்லர். பவேரியாவின் டிங்கோல்ஃபிங்கில் விதைப்புக் கருவி செய்துகொண்டிருந்து, 1951-இல் ஸ்கூட்டருக்கும் 1955-இல் கோகோமொபில் என்ற குட்டிக் காருக்கும் வந்த ஹான்ஸ் கிளாஸ் நிறுவனம். 1962-இல் விற்பனைக்கு வந்த அவர்களுடைய 1004 மாடலில், லியோன்ஹார்ட் இஷிங்கர் வடிவமைத்த என்ஜினின் கேம் ஷாஃப்ட்டை ஒரு ரப்பர் பெல்ட் சுழற்றியது. நான்கே ஆண்டுகளில், 1966-இல், கிளாஸ் நிறுவனத்தை பி.எம்.டபிள்யூ. வாங்கிக்கொண்டது. அதே ஆண்டில் ஃபியட் 124 ஸ்போர்ட் காரில், முன்பு ஃபெராரியில் இருந்த லாம்ப்ரெடியின் இரட்டைக் கேம் என்ஜின் பெல்ட்டோடு வந்தது. அமெரிக்காவில் பான்டியாக்கும் அதைக் கையாண்டது. அதன்பின் தயக்கம் மறைந்தது. இந்தியாவில் அம்பாசிடரும் பிரீமியர் பத்மினியும் சங்கிலியை நம்பியிருந்த காலத்தில், 1983 டிசம்பரில் வெளிவந்த மாருதி 800 பெல்ட்டோடு வந்தது. நம் பட்டறைகளில் டைமிங் பெல்ட் என்ற சொல் பரவியதில் அந்த மூன்று சிலிண்டர் வண்டிக்குப் பெரும் பங்குண்டு என்பது நம் எண்ணம்.

பெல்ட்டின் விலை சொற்பம். அது காக்கும் உறவின் விலை அப்படியன்று. கிராங்கில் 20 பற்கள், கேமில் 40 பற்கள் என்று கொண்டால், மாட்டும்போது ஒரே ஒரு பல் பிசகினால் கிராங்கின் கணக்கில் 18 பாகை பிழை. ஓடும், ஆனால் வலுவின்றி, அதிர்ந்து, எரிபொருளைக் குடித்துக்கொண்டு ஓடும். பிழை இன்னும் மிகுந்தாலோ, ஓட்டத்தில் பெல்ட் அறுந்தாலோ, பல என்ஜின்களில் திறந்து நிற்கும் வால்வின் மேல் பிஸ்டன் வந்து மோதும். பிஸ்டனும் வால்வும் ஒரே இடத்தை வெவ்வேறு நேரத்தில் பயன்படுத்திக்கொள்ளும்படி அமைந்த என்ஜின்கள் அவை. அங்கே பெல்ட் காப்பது அந்த முறைவைப்பை.

எனவே மெக்கானிக் முதல் சிலிண்டரின் பிளக்கைக் கழற்றித் துளையின் மேல் கட்டைவிரலை வைத்துக்கொண்டு, கிராங்கின் போல்ட்டை ஸ்பேனரால் ஓடும் திசையில் மெல்லத் திருப்புகிறார். காற்று விரலைத் தள்ளினால் அழுத்த வீச்சு. தள்ளாவிட்டால் இன்னொரு சுற்று. நான்கு சிலிண்டர் வண்டியில் முதலும் நான்காவதும் சேர்ந்தே உச்சிக்கு வருவதால், விரலின் சாட்சியமோ கேமின் குறியோ இல்லாமல் தீர்ப்புச் சொல்ல முடியாது. பிறகு கிராங்க் புல்லியின் கோடு மூடியிலுள்ள பூஜ்யத்தோடும், கேம் சக்கரத்தின் குறி தலையிலுள்ள குறியோடும் பொருந்த வேண்டும். குறியையும் கண்மூடி நம்புவதற்கில்லை. பல புல்லிகள் உள்வளையம், ரப்பர், வெளிவளையம் என மூன்றடுக்காலானவை; ரப்பர் முதுமையடைந்து வெளிவளையம் வழுக்கிவிட்டால், அதன்மேலுள்ள கோடு அழகாகப் பூஜ்யத்தைக் காட்டிக்கொண்டே பொய் சொல்லும். அப்போது பழைய முறையே துணை: இருபுறமும் அளந்து நடுவைக் காண்பது.

சில என்ஜின்களில் செய்தவர்களே வேறு வழியை வைத்தார்கள். 1980-களின் இறுதியில் வந்த ரோவரின் கே வரிசை என்ஜினில் பெல்ட் மாற்றக் குறித்திருப்பது உச்சியையன்று, அதற்கு 90 பாகை முன்னாலுள்ள இடத்தை. நான்கு பிஸ்டன்களும் அப்போது வீச்சின் நடுப்பகுதியில் நிற்கும். பெல்ட் இல்லாத நேரத்தில் கேம் கைதவறித் திரும்பினாலும் எதுவும் எதிலும் மோதாது. அங்கேயும் 90 பாகை எங்கிருந்து என்ற கேள்விக்கு விடை டி.டி.சி.தான்.

புதிய பெல்ட்டை மாட்டி, டென்ஷனரை இறுக்கியபின், சாவியைத் தொடுமுன் கிராங்கைக் கையாலேயே இரண்டு முழுச் சுற்றுச் சுற்றிப் பார்ப்பது வழக்கம். ஒரு சுற்றுப் போதாது. கேம் பாதி வழியில்தான் நிற்கும். இரண்டாவது சுற்றின் முடிவில் எல்லாக் குறிகளும் பழையபடி நேருக்கு நேர் வந்து நிற்க வேண்டும். நடுவில் ஸ்பேனர் எங்கேனும் கெட்டியாக முட்டினால், மேற்கொண்டு அழுத்தாமல் அங்கேயே நிறுத்தி, பெல்ட்டைத் திரும்பக் கழற்றுவார்கள்.